செல்வர் வீட்டுப் பிள்ளையும் தமிழ்க் கதைகளும்

செல்வத்திலே பிறந்து, செல்வத்திலே வளர்ந்து, வாழ்வில் பற்றுதற்கு ஒன்றும் இல்லாமல் உள்ளம் வெறுமையுற்ற இளைஞரைப் பற்றி உலக மொழிகள் பலவற்றிலும் கதைகள் எழுந்துள்ளன. இத்தகைய கதைகள் மேலை நாட்டுக்கே உரியவை என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியன்று. தமிழில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்திலே திண்டிவனமும், பிற்பகுதியிலே விழுப்புரமும் நிற்கின்றன. நம் ஊர்களின் வழியாகவே அதனை இன்று காண்போம்.

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்பது பொருள். திந்திரிணி என்பது புளிய மரத்தின் வடமொழிப் பெயர். இந்நகரின் ஒரு பகுதியாகிய கிடங்கில் என்னும் ஊரைப் பலர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அது சங்க காலத்தில் ஓய்மானாட்டைச் சேர்ந்த ஊர். அந்நாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை இவனைத் தலைவனாகக் கொண்டது. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூல் 269 அடிகளால் ஆயது. கிடங்கில், எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்கள் அதிலே சிறப்பிக்கப்படுகின்றன.

அந்நூலிலே பாணன் ஒருவன் தன் வறுமையைக் கூறும் இடம் கற்றோர் நெஞ்சை உருக்கும். அடுப்பெரியாத அட்டிலிலே நாய் குட்டி ஈன்று கிடக்கின்றது. இல்லத்தரசி குப்பையிலே முளைத்த கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். இவ்வறுமையைத் தீர்ப்பவனே நல்லியக்கோடன். புலவர் மன்னனது செல்வத்தைப் பாடுகின்றார். ஆயினும் அச்செல்வம் யாருடைய பசியைப் போக்கிற்று என்பதையும் உடன் பாடுகின்றார். பெற்றவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது அக்காலத்துக் கொள்கை. கொடுக்கும் கடமை ஒன்று இருந்தமையால், செல்வனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்து, காவிரிப்பூம்பட்டினத்திற்குச் செல்வோம். பெருவணிகன் மாசாத்துவானின் மகன் கோவலன். பதினாறு ஆண்டிலே அவனுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் கண்ணகிக்கு வயது பன்னிரண்டு. சில ஆண்டுகள் கழிந்தபின் மாதவியின் மாலையை 1,008 கழஞ்சு பொன்னுக்கு வாங்கி அவள் இல்லம் புகுந்தான். முன்னோர் ஈட்டிய பொருள் முழுவதும் கரைந்தது.

கோவலனைத் தீயவன் என்று தள்ளிவிட இயலாது. மதயானையின் பிடியிலிருந்து முதிய அந்தணன் ஒருவனை மீட்டவன் அவன், துன்புற்றோர்க்கு உதவியவன், யாழ் வல்லவன். மாடலன் என்னும் மறையவன் வாயிலாக இளங்கோவடிகள் இவற்றையெல்லாம் நமக்கு எடுத்துரைக்கின்றார். அங்ஙனமாயின் குறை யாது? பொருளை ஈட்டும் உழைப்பை அவன் அறிந்திலன். குவித்துவைத்த பொருளைச் செலவிடுவதொன்றே அவனுக்கு எஞ்சியிருந்தது. முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தேன் என்று நாணி அவன் கண்ணகியிடம் கூறியபோது, அவள் தன் சிலம்பைக் கொடுத்தாள். அச்சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்யவே இருவரும் மதுரைக்கு நடந்தனர். தானாக உழைத்துப் பொருளீட்ட அவன் புறப்பட்ட பயணம் கொலைக்களத்தில் முடிந்தது.

செலவு செய்தவன் கோவலன். அதற்கு ஈடு கொடுத்தவர் யார்? சிலம்பைக் கொடுத்தவள் கண்ணகி. கணவனை இழந்தவளும் அவளே. மகன் இறந்த செய்தி கேட்ட மாசாத்துவான் எஞ்சிய பொருளைத் தானம் செய்து துறவு பூண்டான். கண்ணகியின் தந்தையும் துறவியானான். இருவருடைய தாயரும் துயரத்தால் உயிர் நீத்தனர். ஒருவன் கணக்கின்றிச் செலவிட, கணக்கைத் தீர்த்தவர் மற்றவர். இக்கதைகளைப் பயிலும்போது நாம் ஓயாமல் கேட்க வேண்டிய வினா இதுவே: செய்தவன் ஒருவன், அடி பட்டவர் எவர்?

நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் விறலிவிடு தூது என்னும் சிற்றிலக்கியம் பெருவழக்குற்றது. பொருளுடைய ஆடவன் ஒருவன் இல்லாளைப் பிரிந்து பரத்தையிடம் சென்று, உள்ளதனைத்தும் இழந்து, மீண்டும் மனைவியிடம் விறலியைத் தூது விடுவதே இதன் போக்கு. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது இவ்வகையில் பெயர் பெற்றது. இந்நூல்கள் நகைச்சுவை மிக்கவை. ஏமாந்தவனைக் கண்டு கேட்போர் சிரித்தனர். வீட்டிலே காத்திருந்த மனைவியின் நிலையை எண்ணிப் பார்க்க அவற்றில் இடம் மிகக் குறைவு. சிலப்பதிகாரம் கண்ணகியைக் கதையின் நடுவே நிறுத்தியது. பின்வந்த தூதுநூல்கள் அவளைக் கதவுக்குப் பின்னே நிறுத்திவிட்டன. இலக்கியம் காலந்தோறும் வளர்ந்துகொண்டே செல்லும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுதல் கூடாது.

இனி, 1879-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டிலேதான் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மாயூரத்திலே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அதனை எழுதினார். புகைவண்டியும் நாவலும் ஏறக்குறைய ஒரே காலத்திலே தமிழ்நாட்டில் பரவின. வண்டியில் செல்வோர் தனித்தமர்ந்து வாசிக்கும் பழக்கம் பின்னர் வார இதழ்களை வளர்த்தது. வார இதழ்கள் நாவலை வளர்த்தன.

அந்த முதல் நாவலின் தலைவனே செல்வர் வீட்டுப் பிள்ளைதான். பிரதாபனுடைய இளமையை ஆசிரியர் நகைச்சுவையாக வருணிக்கின்றார். பேரனைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் பாட்டியார், செல்வர் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்னும் எண்ணமுடையவர். பேரன் பிழை செய்தால் அவனை அடிக்கலாகாது. ஆசிரியரின் மகன் கனகசபையையே அடிக்க வேண்டும் என்பது அவ்வீட்டு ஏற்பாடு! பிரதாபன் பாடம் படியாதபோதெல்லாம் கனகசபையின் முதுகு வீங்கிற்று.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் இப்பகுதியைச் சிரித்துவிட்டுக் கடந்து செல்ல மாட்டார். செயலின் விளைவைப் பிள்ளை தானே உணர வேண்டும் என்பது கல்வியியலின் அடிப்படைகளுள் ஒன்று. பிரெஞ்சு அறிஞர் ரூசோ 1762-இல் வெளியிட்ட 'எமில்' என்னும் நூலிலும், ஆங்கில அறிஞர் எர்பர்ட் ஸ்பென்சர் 1861-இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலிலும் இதனை வற்புறுத்தினர். கதவுக் கண்ணாடியை உடைத்த சிறுவன் காற்றின் குளிரைத் தானே உணரட்டும் என்றார் ரூசோ. விளைவு வேறொருவன் முதுகில் விழுமாயின், பிள்ளை கற்பது யாது? தான் எது செய்தாலும் வலி தனக்கில்லை என்பதையே அவன் கற்கின்றான். உள்ளத்தின் வெறுமை அவ்விடத்திலேதான் முளை விடுகின்றது. பிரதாபன் நற்பேறுடையவன், ஞானாம்பாளோடு உடன் பயிலும் வாய்ப்புப் பெற்றுத் திருந்தினான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஞானாம்பாள் கிடைப்பதில்லை.

பிற நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கின்றது. உருசிய நாட்டில் புஷ்கினின் ஒனேகின் 1833-இல் முழு நூலாயிற்று. லெர்மாண்டாவின் 'நம் காலத்து நாயகன்' 1840-இல் வெளிவந்தது. ஒனேகின் சலிப்பு மிக்க செல்வன்; தனக்கே பொருள் விளங்காத ஒரு சண்டையில் நண்பனைச் சுட்டு வீழ்த்துகின்றான். 1850-இல் துர்கனேவ் எழுதிய கதை ஒன்றின் பெயராலே இவர்களுக்கு 'வேண்டாத மனிதர்' என்னும் பட்டம் வழங்கலாயிற்று. 1859-இல் கன்சரோவ் படைத்த ஒப்லமோவ் படுக்கையை விட்டு எழுவதையே பெரும்பாடாகக் கருதுபவன். அவன் படுத்திருக்க, அவனுக்காகப் பண்ணையடிமைகள் உழைத்தனர். அங்கே பண்ணையடிமை முறை சட்டத்தால் நீக்கப்பட்டது 1861-இல். அந்நாவல் வெளியான காலத்தையும் சட்டம் வந்த காலத்தையும் சேர்த்து நோக்குவோர்க்கு, ஒருவனது சோம்பலின் அடியிலே எத்தனை பேருடைய முதுகெலும்பு இருந்தது என்பது விளங்கும்.

வங்காளத்திலே சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1917-இல் நூலாயிற்று. 1953-இல் நாகேசுவர ராவும் சாவித்திரியும் நடித்த படத்தின் வாயிலாகத் தமிழ் மக்கள் அக்கதையை நன்கறிந்தனர். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையாகிய தேவதாஸ் குடித்து மாய்ந்ததை நினைந்து அழுதவர் பலர். பார்வதியின் திருமணத்திற்கு முன் அவன் தூண்டிற்கோலால் அவள் நெற்றியிலே அடித்துத் தழும்புண்டாக்கியதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. துணிவின்றி அவளைக் கைவிட்டவன் அவன். தழும்பைச் சுமந்தவள் அவள்.

அமெரிக்காவில் 1925-இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் நாவலும் இத்தகையதே. செல்வச் சீமாட்டி டெய்சி ஓட்டிய கார் ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகின்றது. பழி கேட்ஸ்பியின்மேல் விழுகின்றது. அவன் சுடப்பட்டு இறக்கின்றான். டெய்சியும் அவள் கணவனும் ஊரைவிட்டு அகன்று, தம் செல்வத்தினுள்ளே மறைந்துகொள்கின்றனர். மொழி வேறு, நாடு வேறு. கனகசபையின் முதுகு மட்டும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றது.

இப்போது விழுப்புரத்திற்கு வருவோம். ஜெயகாந்தன் 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கடலூரை அடுத்த மஞ்சக்குப்பத்திலே பிறந்தார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சிறுவனாக விழுப்புரத்திலிருந்த தம் மாமாவிடம் வந்து சேர்ந்தார். பாரதியின் பாடல்களும் பொதுவுடைமைக் கருத்துகளும் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். பின்னர்ச் சென்னை சென்று, பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்திலும் அச்சகத்திலும் உழைத்து, கூலி வேலைகள் பல செய்து, எழுத்தாளரானார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியைப் பிரிந்த அவர் 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். அகிலனுக்குப் பின் அவ்விருது பெற்ற இரண்டாம் தமிழ் எழுத்தாளர் அவர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் மறைந்தார்.

அவர் முதலில் எழுதியவை பெரும்பாலும் எளியோர் கதைகளே. குடிசை வாழ் மக்களைக் காட்டும் 'உன்னைப்போல் ஒருவன்' என்னும் கதையைத் தாமே இயக்கி 1965-இல் படமாகவும் தந்தார். அத்தகையவர் செல்வ இளைஞனைப் பற்றி எழுத வந்தபோது, அவன் வீட்டு மாடியிலிருந்து தெருவை நோக்கவில்லை; தெருவில் நின்று அவனுடைய காரை நோக்கினார். இதுவே அவருடைய பார்வையின் தனித்தன்மை.

1960-களில் 'ஆனந்த விகடன்' இதழிலே 'அக்கினிப் பிரவேசம்' என்னும் அவருடைய சிறுகதை வெளிவந்தது. மழை பெய்யும் மாலைப் பொழுது. பேருந்துக்காகக் காத்திருக்கும் ஏழைக் கல்லூரி மாணவி. பெரிய கார் ஒன்றில் வரும் செல்வ இளைஞன். உலகம் அறியாத அப்பெண்ணை ஏற்றிச் சென்று அவன் கெடுத்துவிடுகின்றான். வீடு திரும்பியவள் தாயிடம் உண்மையைக் கூற, தாய் பதறி அவளை அடிக்கின்றாள். அக்கம்பக்கத்தார் கேட்டபோது, மழையில் நனைந்து வந்ததற்காக அடித்ததாகக் கூறி மறைக்கின்றாள். பின்னர் மகளின் தலையிலே நீரைக் கொட்டி, நீ தூயவள் என்று தேற்றுகின்றாள். இக்கதை தமிழ்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. தாய் அவ்வாறு மன்னிக்கலாமா என்று பலர் சினந்தனர். வியப்பு யாதெனில், மன்னிப்பைப் பற்றி எழுந்த கூச்சலில் ஒரு சிறு பங்குகூட அந்தக் காரைப் பற்றி எழவில்லை. கார் தன் வழியே சென்றுவிட்டது. தாய் அடித்த அடி பெண்ணின்மேல் விழுந்தது.

தாய் மன்னியாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்து ஜெயகாந்தன் எழுதிய நாவலே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 'தினமணி கதிர்' இதழிலே தொடராக வந்து 1970-இல் நூலாயிற்று. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதிலே தாயின் கூக்குரலால் செய்தி ஊரெங்கும் பரவுகின்றது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விலக்குகின்றான். அப்பெண்ணே கங்கா. ஆண்டுகள் பல கழிந்தபின், படித்து நல்ல பணியிலிருக்கும் அவள் தன் வாழ்வைத் திசை திருப்பிய அந்த இளைஞனைத் தேடிக் காண்கின்றாள். அவன் பெயர் பிரபு. பீம்சிங் இயக்கத்தில் 1977-இல் இது திரைப்படமாகவும் வந்தது. கங்காவாக நடித்த இலட்சுமி தேசிய விருது பெற்றார்.

பிரபுவைக் காணும் வாசகர் ஒரு கொடியவனை எதிர்பார்க்கின்றனர். ஆனால், நாம் காண்பது இரங்கத்தக்க ஒரு மனிதனை. தந்தையின் செல்வத்தில் வளர்ந்தவன்; குடியும் சீட்டாட்டமுமாகப் பொழுதைப் போக்குபவன்; மனைவி பத்மாவிடமும் பிள்ளைகளிடமும் மதிப்பிழந்தவன். தான் பயனற்றவன் என்பதை மறைக்கவும் அவன் முயல்வதில்லை. ஒரு மழை நாளின் செயலால் ஒரு பெண்ணின் வாழ்வு என்னவாயிற்று என்பதை இத்தனை ஆண்டுகளாக அவன் அறிந்திலன். அவனிடம் எவரும் கணக்குக் கேட்டதில்லை. கேளாமையே அவனைக் கெடுத்தது.

குற்றம் செய்தவனை இவ்வளவு இரக்கத்தோடு படைத்தது முறையா என்று வினவுவோர் உளர். கேட்கத்தக்க வினாவே அது. அவ்விரக்கம் அவனை விடுவிப்பதாக இருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து ஆசிரியரைக் குறைகூறியிருப்பேன். நாவலின் முடிவை நோக்குங்கள். கங்காவின் சொல்லாலே பிரபு திருந்தத் தொடங்குகின்றான்; அவனைப் பிரிந்த கங்காவோ குடிப்பழக்கத்திற்கு ஆளாகித் தனிமையில் நிற்கின்றாள். அவன் உள்ளத்திலிருந்த வெறுமை அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவன் திருந்தியதற்கும் விலை கொடுத்தவள் அவளே. இவ்விடத்திலே மகிழ்ச்சியான ஒரு முடிவை வைத்திருந்தால் வாசகர் ஆறுதலடைந்திருப்பர். கணக்கு மட்டும் தீர்ந்திராது. ஆசிரியர் அந்த ஆறுதலை நமக்குத் தரவில்லை. அதுவே அவர் கங்காவுக்குச் செய்த நீதி என்பது என் கருத்து.

மாணவ அன்பர்களே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரி செல்வோர் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களும் அவருள் உண்டு. செல்வ இளைஞரின் வெறுமைக்கும் எங்களுக்கும் யாது தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் நான் கண்டதைக் கூறுகின்றேன். கட்டணம் செலுத்தும் நாளன்று தாயின் காதிலே தோடு இராது. அடகுக் கடையில் இருக்கும். அக்கட்டணத்தில் படிக்கும் மகன் வகுப்புக்கு வாராமல், இரவல் வண்டியிலே புதுச்சேரிச் சாலையில் சுற்றிக்கொண்டிருப்பான். அவன் வீட்டிலே செல்வம் இல்லை. ஆயினும் அந்நேரத்தில் அவன் பிரபுவே. அவன் செலவிடுவது வேறொருவர் ஈட்டியதை. அதன் வலி விழுவது வேறொருவர் மேல். அவனைப் பார்த்து நான் சினந்ததினும், அந்தத் தாயின் வெறுங்காதை அவனைப் பார்க்கச் செய்தல் எங்ஙனம் என்று எண்ணியதே மிகுதி.

இதற்கு மாறானவரும் உண்டு. வசதி மிக்க வீட்டிலே பிறந்தும், விடுமுறை நாளிலே தந்தையின் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதி, அங்கே சுமை தூக்குவோரின் பெயர்களையெல்லாம் அறிந்து வைத்திருந்த மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் முகத்திலே சலிப்பைக் கண்டதில்லை. ஆகவே, வெறுமைக்குக் காரணம் பணம் மட்டுமே என்று கூறுதல் பொருந்தாது. நாம் உண்ணும் சோறும் ஏறும் வண்டியும் யாருடைய உழைப்பால் வந்தன என்பதை அறியாதிருத்தலே காரணம். நல்லியக்கோடன் பாணனின் அடுப்பை அறிந்திருந்தான். பிரபு கங்காவின் வீட்டை அறிந்திருக்கவில்லை.

இவ்வகைக் கதைகள் இளைஞரைக் கெடுத்துவிடும், ஆதலின் மாணவர் கையிலே அவற்றைக் கொடுத்தல் ஆகாது என்று கூறும் பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. அவர்தம் அச்சம் அன்பினால் எழுந்ததே. எனினும், தீமையைச் சுவையாகக் காட்டி விளைவை மறைக்கும் கதைக்கும், விளைவு எவர்மேல் விழுந்தது என்று காட்டும் கதைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை மாணவர் எப்படியும் எங்கேனும் பார்த்துவிடுகின்றனர். இன்று அது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கின்றது. பின்னதைப் பெரியோர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே, இவ்விடுமுறையில் மூன்று நூல்களை உங்கள் ஊர் நூலகத்திலே கேட்டுப் பெறுங்கள்: சிலப்பதிகாரம், பிரதாப முதலியார் சரித்திரம், சில நேரங்களில் சில மனிதர்கள். முதல் நூலுக்கு நல்ல உரை ஒன்றைத் துணையாகக் கொள்ளுங்கள். படிக்கும்போது தலைவனை மட்டும் பின்தொடர வேண்டா. கண்ணகியையும், கனகசபையையும், கங்காவையும் உடன் நோக்குங்கள். படித்து முடித்தபின், உங்கள் படிப்புக்காக உங்கள் வீட்டிலே யார் எதனை விட்டுக்கொடுத்தனர் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தாளை எவரிடமும் காட்ட வேண்டியதில்லை. அதிலுள்ள பெயர்களை மறவாதிருந்தால் போதும்.